இது குணமா, நோயா?



ஒரு மருமகளை நினைத்துப் பாருங்கள். சில நாட்கள் மூன்று மணி நேரம் தூங்கினாலே போதும். வீடெல்லாம் கழுவுவாள், ஓயாமல் பேசுவாள், கையிலுள்ள காசைத் துணிக்கடையில் கொட்டுவாள். அடுத்த கிழமை மூலையில் முடங்கி அழுவாள். சமையலும் ஓடாது, தொழுகையிலும் மனம் நிற்காது. மாமி அவளைச் 'சோம்பேறி' என்கிறார். கணவர் 'பிடிவாதக்காரி' என்கிறார். அயலார் ஜின் என்கின்றனர். லிந்துலையின் மழையும் மூடுபனியுமே காரணம் என்போரும் உண்டு.

இந்த ஏற்ற இறக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, இடையில் இரண்டு மாதங்கள் கூடச் சேர்ந்தாற்போல் தெளிவில்லை என்றால், அது 'சைக்ளோதைமியா' எனும் மனநோயாக இருக்கலாம். இருமுனை மனநோயின் மிதமான வடிவம் இது. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். குடும்ப வழியாகவும் வரும். கவனியாது விட்டால் சிலருக்குக் கடும் நோயாக முற்றும்.

காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று, கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ அன்றே பிரித்து எழுதினார். நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்களும் நமக்குப் போதித்துள்ளார்கள். ஆகவே துஆவும் ஓதலும் இருக்கட்டும்; வைத்தியரும் இருக்கட்டும். தாயத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

வைத்தியரிடம் சோர்வை மட்டும் சொல்லாதீர்கள். உற்சாக நாட்களையும் சொல்லுங்கள். சோர்வுக்கான மருந்தைத் தனியே கொடுத்தால் சிலருக்கு மனம் மறுபக்கம் எகிறிவிடும். தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் நாள்தோறும் ஒரு கொப்பியில் குறித்துக் கொண்டு போவது நல்லது.

லித்தியம் குடிப்பவர் நோன்புக்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து நஞ்சாகலாம். வல்ப்ரோயேட் மருந்து கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும். குழந்தை வேண்டுவோர் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல. ரமழான் இரவுகளிலும் தூக்கம் கெடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தூக்கக் குறைவே பலருக்கு ஏற்றத்தைத் தூண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால், அவளைத் தனியே விடாதீர்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே பேசுங்கள்.

மாமிமாரே! காய்ச்சல்காரியை நாம் ஏசுவதில்லை. இவளையும் ஏசாதீர்கள். கிளினிக்குக்கு நீங்களே கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.