டோல்கீன் எழுதாமல் விட்ட காதல்... எழுதித் தீர்க்கும் ரசிகர்கள்!

மருத்துவமனைத் தோட்டத்தில் இரண்டு நோயாளிகள் சந்தித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வயது 24. ஒருவனை விரும்பி, அவன் மறுத்துவிட, செத்தாலும் பரவாயில்லை என்று ஆண் வேடத்தில் போர்க்களத்துக்குப் போனவள். எந்த ஆணின் கையாலும் சாக மாட்டான் என்று பெயரெடுத்த சூனிய அரசனை வெட்டிச் சாய்த்துவிட்டு, கை முறிந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். அவனும் காயம்பட்டு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். உலகம் பிழைக்குமா, அழியுமா என்றே தெரியாத சில நாள்களில் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள், பேசுகிறார்கள். போர் முடிந்ததும் அவன் மனதைத் திறக்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். இனி வாள் வேண்டாம், வைத்தியம் கற்கப் போகிறேன் என்கிறாள்.

ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் எழுதி 1954, 55-ம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் எயோவின் - ஃபாராமிர் காதல் இவ்வளவுதான். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவலில் ஒரே ஓர் அத்தியாயம். ஆனால், அந்த அத்தியாயத்தை வைத்து வாசகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எயோவினுக்குக் கிடைத்தது காதலா, ஆறுதல் பரிசா? வாளைக் கீழே வைத்தது அவளுடைய விருப்பமா, எழுதியவரின் விருப்பமா?

இந்தச் சண்டையைக் கட்டுரையாகப் போடாமல் கதையாகவே போட்டால், அதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். மூலக் கதையின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ரசிகர்களே எழுதும் கதைகள். காசு கிடையாது, பெரும்பாலும் புனைபெயர்தான். யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்கு ‘ஷிப்’ என்று பெயர். ‘ரிலேஷன்ஷிப்’பில் வாலை மட்டும் வைத்துக்கொண்ட சொல். 2001-ல் பீட்டர் ஜாக்சனின் முதல் படம் வந்த பிறகு டோல்கீன் உலகத்துக் கதைகள் இணையத்தில் கொட்ட ஆரம்பித்தன.

எயோவினை எழுதுகிறவர்களில் ஒரு சாரார், கல்யாணத்துக்குப் பிறகான அவள் வாழ்க்கையை எழுதுகிறார்கள். நடு இரவில் கெட்ட கனவு கண்டு எழுந்து உட்காரும் எயோவின், வாளை மறுபடி எடுத்துப் பழகும் எயோவின், மாமியார் இல்லாத, மொழியும் பழக்கமும் வேறான வீட்டில் தனக்கென்று இடம் தேடும் எயோவின். இன்னொரு சாரார், அவளை மறுத்த அரகோர்னோடே சேர்த்துவைக்கிறார்கள். அத்துமீறல் என்று கோபப்படுவதற்கு முன் ஒரு தகவல். டோல்கீனே ஆரம்பத்தில் அப்படித்தான் யோசித்திருந்தார்! அரகோர்னின் காதலி ஆர்வென் அவருடைய கற்பனைக்குள் வந்து சேர்ந்ததே ரொம்பத் தாமதமாகத்தான். அவர் மகன் கிறிஸ்டோபர் பிற்பாடு வெளியிட்ட கைப்பிரதிக் குறிப்புகளில், அரகோர்ன் எயோவினை மணப்பதாகத் திட்டம் இருக்கிறது. அதன்பின், அரகோர்னுக்கு வயது அதிகம் என்று நினைத்து அந்தக் காதலையே வெட்டிவிடலாம், எயோவின் செத்துப்போகட்டும் என்றும் எழுதிவைத்தார். நல்லவேளை, பிழைத்தாள்.

இவ்வளவு வேகமாக ஒரு காதலா என்று அந்தக் காலத்திலேயே டோல்கீனிடம் குறைபட்டிருக்கிறார்கள். பெரிய நெருக்கடியில், அதுவும் சாவு பக்கத்தில் நிற்கும்போது மனசு சீக்கிரம் பக்குவப்படும், தன் அனுபவம் அது என்கிற அர்த்தத்தில் ஒரு கடிதத்தில் அவர் பதில் எழுதினார். அது வெறும் சமாளிப்பு இல்லை. காதலி எடித்தோடு 21 வயதுவரை தொடர்பே கூடாது என்று பாதுகாவலரான பாதிரியார் தடைபோட, 1913-ல் 21 பிறந்த அன்றே கடிதம் எழுதியவர் டோல்கீன். அதற்குள் எடித்துக்கு வேறோர் இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. நேரில் போய்ப் பேசி மனதை மாற்றினார். 1916 மார்ச்சில் கல்யாணம், ஜூனில் பிரான்ஸ் போர்முனை!

இப்படிப்பட்டவர், கதையில் காதலை ஏன் இவ்வளவு சிக்கனமாக வைத்தார்? அரகோர்ன் - ஆர்வென் காதல் முழுதாக இருப்பது நாவலுக்குப் பின்னால் வரும் பின்னிணைப்பில். முதல் சந்திப்பில் அவனுக்கு 20 வயது, எல்ஃப் இனத்து அவளுக்கு 2,700-க்கு மேல். அவனுக்காகச் சாகா வரத்தையே விட்டுக்கொடுக்கிறாள். கதைக்கு அது அவசியமான பகுதி, ஆனால் நடுவில் வைத்தால் நாவலின் கட்டுக்கோப்பு குலையும் என்பது டோல்கீனின் விளக்கம்.

பெயர் மட்டும் போதும்!

ரசிகர்களுக்கு இந்தப் பின்னிணைப்பு ஒரு தங்கச்சுரங்கம். எயோவினின் அண்ணன் எயோமெர் கல்யாணம் செய்துகொண்டது லோதிரியெல் என்ற பெண்ணை. அவள் டோல் அம்ரோத் இளவரசர் இம்ராஹிலின் மகள். மகன் பிறந்தான். நாவல் அவளைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய அவ்வளவே. ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆனாலும் ஃபேன் ஃபிக்‌ஷனில் இந்த ஜோடிக்குத் தனி மவுசு. கடலோர அரண்மனையில் வளர்ந்த பெண், குதிரை மேய்க்கும் புல்வெளி தேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். பெரியவர்கள் அரசியலுக்காகப் பேசிமுடித்த சம்பந்தம். மாப்பிள்ளை முசுடு. கல்யாணத்துக்குப் பிறகுதான் காதல் வருகிறது. நமக்கு இந்தக் கதை புதுசா என்ன?

ஆண்-ஆண் ஜோடிகளை எழுதுகிற கதைகளுக்கு ‘ஸ்லாஷ்’ என்று பெயர். ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் கிர்க், ஸ்பாக் பெயர்களுக்கு நடுவே போட்ட சாய்கோட்டில் இருந்து வந்தது. டோல்கீன் உலகத்தில் ஃப்ரோடோ - சாம் ஜோடிக்கு இப்படி ஏராளமான கதைகள். சாம் தன் எஜமானனுக்காக மலையேறி, கடைசியில் அவனையே முதுகில் சுமந்தவன். அது நட்பு, விசுவாசம், போர்முனைத் தோழமை, அதைக் காதல் என்று ஏன் திரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சாமுக்கு ரோஸி இருக்கிறாள், 13 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கும் வரும். அன்புக்கு ஒரே பெயர்தானா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகின்றன. லெகோலஸ் - கிம்லி விஷயத்தில் சாட்சி இன்னும் பலம். பகையான இரண்டு இனங்களில் பிறந்த இருவரும், எல்லோரும் போன பிறகு ஒரே கப்பலில் கடல் கடப்பதாகக் காலவரிசைக் குறிப்பு முடிகிறது. அதை எப்படி வாசிப்பது என்பதை டோல்கீன் வாசகர் கையில் விட்டுவிட்டார்.

அதிகம் கேலிக்கு ஆளானவர்கள் சிறுமிகள்தான். மோதிரத்தைச் சுமந்து போகும் ஒன்பது பேர் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. அதனால், நம் காலத்துப் பெண் ஒருத்தி மத்திய பூமிக்குள் தொப்பென்று விழுந்து, பத்தாவது ஆளாகச் சேர்ந்து, லெகோலஸைக் காதலிப்பதாக எழுதித் தள்ளினார்கள். இப்படி எல்லாம் தெரிந்த, எல்லோரும் விரும்பும் நாயகிக்கு ‘மேரி சூ’ என்று பட்டப்பெயர். பல கதைகள் சுமார்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், 14 வயதில் ஒருத்தி தனக்கு இடமில்லாத கதைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரிக்க இத்தனை பேர் தேவையா?

டோல்கீனுக்கு இதெல்லாம் பிடித்திருக்குமா? 1951-ல் எழுதிய நீண்ட கடிதத்தில், தன் புராணத்தின் சில பகுதிகளைக் கோட்டோவியமாக விட்டு, பிறர் ஓவியமாகவும் இசையாகவும் நாடகமாகவும் நிரப்ப இடம்வைக்க ஒரு காலத்தில் ஆசைப்பட்டதாகச் சொல்கிறார். 1966-ல் ஓர் இளைஞர் நிஜமாகவே தொடர்ச்சி எழுதக் கிளம்பியபோது, அதே டோல்கீன் எரிச்சலாகி, அதைத் தடுக்க வழி தேடினார்.

நாவலின் முன்னுரைப் பகுதியில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. அரகோர்ன் - ஆர்வென் காதல் கதையை முழுதாக எழுதியது பாரஹிர் என்பவன். ஃபாராமிரின் பேரன். அதாவது, அரகோர்ன் வேண்டாம் என்று சொன்ன எயோவினின் பேரன். பாட்டியிடம் கேட்டு எழுதினானா என்று டோல்கீன் சொல்லவில்லை.