பொட்டாசியத்தைப் பிடிக்கும் வளையம்

ஊரிலுள்ள பெற்றோரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும், சர்க்கரையும் கொலஸ்டிராலும் எவ்வளவு என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். அதே தாளில் பொட்டாசியம் என்று ஒரு வரி இருக்கும். 3.5 முதல் 5 வரை இருந்தால் நல்லது. அதிகம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். ரத்தத்தில் சோடியம் இதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. இரண்டும் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி. அப்படியிருக்க, பொட்டாசியத்தை மட்டும் பிரித்து எப்படி அளக்கிறார்கள்?

நான் டிப்ளமா படித்த ரயில்வே இன்ஜினீயர். ஓய்வு பெற்றபின் சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்தில் இருக்கிறேன். ரசாயனம் என் துறை அல்ல. ஆனாலும் இந்த விஷயம் எனக்குப் பழகிய கணக்காகவே இருந்தது.

அமினோ அமிலங்கள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் அதற்குப் பெப்டைட் என்று பெயர். முதல் பெட்டியைக் கடைசிப் பெட்டியோடு மாட்டிவிட்டால் அது வளையப் பெப்டைட். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது வாலினோமைசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1955-ல் பிரித்தெடுத்தார்கள். இதில் 12 பெட்டிகள். ஆறு அமினோ அமிலம், ஆறு வேறு வகை அமிலம், மாறி மாறி. 1963-ல் மாஸ்கோ விஞ்ஞானிகள் இதைச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட்டார்கள்.

வளையம் மடங்கி ஒரு கூண்டாகிறது. உள்பக்கம் ஆறு ஆக்சிஜன்கள் பொட்டாசியத்தைச் சுற்றிப் பிடிக்கின்றன. சோடியம் சிறியது, தன்னைச் சூழ்ந்த தண்ணீரை அதிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை உதறிவிட்டு உள்ளே வந்தாலும், எட்டிப் பிடிக்கும் அளவுக்குக் கூண்டு சுருங்காது. மீட்டர் கேஜ் சக்கரம் பிராட் கேஜ் தண்டவாளத்தில் நிற்குமா? கூண்டு பொட்டாசியத்தைச் சோடியத்தைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு விரும்புகிறது.

கூண்டின் வெளிப்பக்கம் எண்ணெய்த் தன்மை கொண்டது. ஆகவே பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டு உயிரணுவின் கொழுப்புச் சவ்வைக் கடந்துவிடும். பாக்டீரியாவின் உள்ளே சேர்த்து வைத்த பொட்டாசியம் இப்படியே வெளியே கசிந்துபோக, அது செத்துவிடுகிறது. நம் உயிரணுவுக்கும் இதே கதிதான் என்பதால், வாலினோமைசின் நமக்கு மருந்தாகவில்லை.

உலோகம் மாறினால் வளையத்தின் உருவமும் மாறும் என்பதைக் காட்டியவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தார்கள். இங்கிருந்து குப்பம் போய் ரயிலேறினால் சில மணி நேரத்தில் பெங்களூர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் மடிப்புக்கு இலக்கணம் வகுத்த ஜி.என். ராமச்சந்திரன், பின்னர் அங்கே போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அந்தத் துறையின் கே.ஆர்.கே. ஈஸ்வரனும் எம். விஜயனும் சகாக்களோடு சேர்ந்து, பேரியத்தைப் பிடித்த வாலினோமைசினை ஆராய்ந்து 1980-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கூண்டு அங்கே இல்லை! வளையம் நீள்வட்டமாக விரிந்து, ஒன்றுக்கு இரண்டு பேரியத்தைப் பிடித்திருந்தது. அதே பொருள்தான், ஆனால் வந்த விருந்தாளிக்கு ஏற்ப வீட்டையே மாற்றிக்கொள்கிறது. பக்கத்து ஊரில் நடந்த இந்த வேலையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

இனி மெஷினுக்கு வருவோம். 1960-களின் இறுதியில் சூரிச் நகரில் வில்ஹெல்ம் சைமன் குழுவினர் வாலினோமைசினைக் கொண்டு பொட்டாசியத்தை அளக்கும் மின்முனை செய்தார்கள். இன்று அந்தப் பொருளை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கலந்து வைக்கிறார்கள். படலம் பொட்டாசியத்தை மட்டும் ஏற்பதால் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. மெஷின் அதைப் படித்து எண்ணாக்குகிறது.

கூண்டு ஏமாறாது, ஆனால் ரத்தம் எடுக்கும் விதம் ஏமாற்றலாம். சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் ஏராளம். ஊசியில் அணுக்கள் உடைந்தாலும், குழாய் வெகுநேரம் அப்படியே கிடந்தாலும், ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறந்தாலும் எண் பொய்யாக ஏறும். உங்கள் அப்பாவுக்கு 6 என்று வந்தால் அலட்சியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சாப்பிடும் பி.பி. மாத்திரைகளின் பெயர்களையும் கூடவே சொல்லுங்கள். சில மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கூட்டும், சில குறைக்கும்.