முதல் சிம்பலுக்கு முன்னாடி ஃபைலைப் பாருங்க!

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல்ல புது ப்ராஜெக்ட் திறந்ததும் ரிலே, கான்டாக்டர்னு நேரா வரைய உட்கார்ந்துடுறோம். ஆனா அந்த சிம்பலுக்கு பார்ட் நம்பர் எங்கிருந்து வருது? 'டிஃபால்ட்_கேட்.எம்டிபி' என்ற கேட்டலாக் டேட்டாபேஸ் ஃபைலில் இருந்துதான். பேனல் லேஅவுட்டில் அந்த பார்ட்டுக்கு எந்த வடிவம் என்று சொல்வது 'ஃபுட்பிரிண்ட்_லுக்கப்.எம்டிபி'.

லேப் சர்வரில் இருக்கும் ஒரே கேட்டலாக் ஃபைலை எல்லாரும் திருத்தினால் என்ன ஆகும்? 230 வோல்ட் ஏசி காயில் உள்ள ரிலேயை யாரோ ஒருத்தர் 24 வோல்ட் டிசி என்று தவறாகப் பதிந்தால், அதை நம்பி எடுக்கிற எல்லாருக்கும் பொருள் பட்டியல் தப்பு; வாங்கும் ரிலேயும் தப்பு. வரைபடம் மட்டும் சரியா இருக்கும்!

வழி ரொம்ப சிம்பிள். அந்த கேட்டலாக் ஃபைலை காப்பி எடுத்து, 'டபிள்யூடிபி' ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். ப்ராஜெக்ட் பெயரோடு '_கேட்' சேர்த்து அதற்குப் பெயர் கொடுங்கள். சாஃப்ட்வேர் முதலில் அதைத்தான் தேடும். ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் ஃபைல் கூடவே வரும்.

அப்புறம் ஒரே ஒரு சிம்பலை வைத்து, நீங்க சேர்த்த பார்ட் கேட்டலாக்கில் வருதான்னு பாருங்க. வந்தா, தைரியமா வரையலாம்.