பல் பதித்தலும் அதற்காகும் செலவும்

கடைவாய்ப் பல்லை இழந்தவர் நாளடைவில் ஒரு பக்கமாகவே மென்று பழகிவிடுகிறார். பல் நீங்கிய இடத்தில் தாங்குவதற்கு வேர் இன்மையால் தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பக்கத்துப் பற்கள் அவ்விடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. இக்குறையை நீக்கக் கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களை அராவி அவற்றின்மீது அமர்த்தும் ‘பிரிட்ஜ்’, எலும்பிலேயே பதிக்கும் ‘இம்பிளான்ட்’ என மூன்று வழிகள் உள்ளன. மூன்றாவதற்கே விளம்பரமும் மிகுதி, செலவும் மிகுதி. கிராம ஊழியரிடமும் ஆசிரியரிடமும் இதுபற்றி யோசனை கேட்போர் உண்டாதலால், அதன் இயல்பை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் காலெலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து வந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்ற முற்பட்டபோது, அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. காற்றுப் பட்டதும் டைட்டானியத்தின்மீது மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. உடல் அதனை ஒதுக்குவதில்லை. எலும்பு அதனை ஒட்டியே வளர்கிறது. 1965-இல் மனிதர் தாடையில் அவர் இம்முறையைக் கையாண்டார்.

பதிக்கப்படும் பல் மூன்று பகுதிகளைக் கொண்டது. எலும்பினுள் செல்லும் திருகு வேராகிறது. அதன்மேல் இணைப்புத் துண்டு நிற்கிறது. அதனை மூடும் உறையே மெல்லுவதற்குரிய பல். இவ்வுறையைக் ‘கேப்’ என்பர். திருகைப் பதித்தபின் எலும்பு அதனைப் பற்றிக்கொள்ள வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். மேல்தாடை எலும்பு மென்மையாதலால் அங்கே தாமதம் கூடுதல்.

செலவைப் பற்றிய குழப்பமும் இவ்விடைவெளியிலேயே பிறக்கிறது. விளம்பரத்தில் காணும் தொகை பல வேளைகளில் திருகுக்கு மட்டுமே உரியது. இணைப்புத் துண்டு, கேப், ஸ்கேன், கெட்ட பல்லைப் பிடுங்குதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் உண்டு. எலும்பு குறைந்தவருக்கு எலும்புத் தூள் நிரப்பவும் நேரலாம். திருகுக்குப் பணம் செலுத்திவிட்டு, ஐந்தாம் மாதத்தில் கேப்புக்கு வழியின்றி நிற்பவர் வாயில் மெல்ல உதவாத உலோகமே மிஞ்சும். ஆகையால், முதல் நாளிலேயே முழு மதிப்பீட்டை எழுத்தில் பெறுதல் வேண்டும். திருகு எலும்பைப் பற்றாமற்போனால் மறுமுறைக்கு யார் பணம் கொடுப்பது என்பதும் அதில் இருத்தல் வேண்டும்.

மருத்துவரைத் தேர்வதில் முதற்கண் பார்க்கவேண்டியது மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவு எண். இப்பதிவு முறை 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தால் ஏற்பட்டது. அச்சட்டத்திற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. பலகையில் ‘இம்பிளான்ட் நிபுணர்’ என்று எழுதியிருப்பது பட்டமாகாது. முதுநிலைப் படிப்பில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. செயற்கைப் பல், ஈறு, முகத்தாடை அறுவை ஆகிய பிரிவுகளில் பயின்றோர் இதனைக் கற்கின்றனர். அனுபவமுள்ள பி.டி.எஸ். பட்டதாரிகளும் செய்கின்றனர், எத்தனை பேருக்குச் செய்தார் என்று கேட்பதில் தவறில்லை.

தனியார் மருத்துவமனையில் ஒரு பல்லுக்கே சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிப்பினும், அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்காக அமைந்தது. பல் பதிக்க அதனை நம்பியிருத்தல் இயலாது. சாதாரணக் காப்பீடுகளும் பெரும்பாலும் விபத்தில் உடைந்த பல்லுக்கே பணம் தரும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. காத்திருக்கும் நாட்கள் அதிகம். வட்டியில்லாத் தவணை என்பதிலும் எச்சரிக்கை தேவை. கடன் தருவது பெரும்பாலும் வேறொரு நிதி நிறுவனமாதலால், சிகிச்சை நடுவில் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

கட்டுப்படாத நீரிழிவும் புகையிலையும் உள்ளவருக்குத் திருகு பற்றாமற்போகும் அபாயம் கூடுதல். அவற்றைச் சீராக்காமல் பணத்தைச் செலவிடுவது வீண். நன்கு அளவெடுத்துச் செய்த பல்செட் எளியோருக்குப் பல ஆண்டு உதவும். அதனைத் தாழ்வாகக் கருதவேண்டுவதில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. பதித்த திருகின் உறையிலுள்ள சீட்டில் தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவை காணப்படும். அச்சீட்டை நோயாளி கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துதல் வேண்டும். பல ஆண்டுகளுக்குப்பின் இணைப்பு தளர்ந்தால், தயாரிப்புக்குத் தயாரிப்பு கருவி வேறுபடுவதால், வேற்றூர் மருத்துவர் முதலில் கேட்பது அதனையே.