சொஸ்மாவின் 28 நாள் அதிகாரத்துக்கு 2027இல் கெடு

2018 நவம்பரில் மலாக்காவின் ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் கூட்டம் நடந்தது. மறு வருடம் அக்டோபரில், அப்போதைய காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன் உட்பட 12 பேர், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ் பிடிபட்டார்கள். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஜாமீனை மறுக்கிறது. அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் நவம்பர் 29இல் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகும் சிறைக்கதவு திறக்கவில்லை. 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்கையும் கைவிட்டார். விசாரணையே நடக்காமல் நான்கு மாதத்துக்கு மேல் போயிருந்தது.

பதவியும் கட்சியும் வக்கீல்களும் உள்ளவருக்கே இந்தக் கதி. குருபோங்கில் லாரி ஓட்டும் பையனை நினைத்துப் பாருங்கள்.

அவனைத் தேடி வருவது பெரும்பாலும் பயங்கரவாத வழக்கு அல்ல, குண்டர் கும்பல் வழக்கு. குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவும் சொஸ்மாவுக்குள் வருகிறது; கும்பலின் உறுப்பினர் என்று நிரூபித்தாலே 5 முதல் 20 ஆண்டு சிறை. சாதாரண வழக்கில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும். சொஸ்மாவில் ஒரு போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் கையெழுத்துப் போட்டால் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம். வக்கீலைப் பார்ப்பதையே 48 மணி நேரம் தள்ளிவைக்கலாம். குற்றம் சாட்டியபின் வழக்கு முடியும்வரை சிறை. பதினெட்டு வயதுக்குக் கீழானவர், பெண், நோயாளி ஆகியோருக்கு மட்டும் ஒரு சிறு வழி உண்டு. பயங்கரவாத வழக்கென்றால் அதுவும் இல்லை.

இதைவிடக் கொடுமை 30ஆம் பிரிவு. நீதிமன்றம் நிரபராதி என்று விடுவித்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்வதாகச் சொல்லி, அது முடியும்வரை அவனைச் சிறையிலேயே வைக்கக் கேட்கலாம். தண்டனை பெற்றவருக்கு நம் நாட்டில் 2008 முதல் பரோல் உண்டு. தண்டனையே பெறாதவனுக்கு அதுவும் இல்லை. சிறைகளில் இடமில்லை என்கிறோம். தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களாலும்தான் அவை நிரம்புகின்றன.

மலாக்காவிலிருந்து சுங்கை பூலோ சிறைக்குப் போய் மகனைப் பார்க்க ஒரு தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் பேசலாம், அவ்வளவுதான். வீட்டுக்குச் சம்பாதித்தவனே உள்ளே இருக்கும்போது வாடகையும் லாரித் தவணையும் நிற்பதில்லை. வழக்கில் ஜெயித்தாலும் அந்த மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை.

போலீசின் அந்த 28 நாள் தடுப்பு அதிகாரம் நிரந்தரமானது அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டித்தால்தான் உயிரோடிருக்கும். 2022 மார்ச்சில் மக்களவையில் 84க்கு 86 என்று இரண்டே ஓட்டில் நீட்டிப்புத் தீர்மானம் தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த நீட்டிப்பு 2027 ஜூலையில் முடிகிறது. ஆனால் 13ஆம் பிரிவுக்கும் 30ஆம் பிரிவுக்கும் இப்படிக் கெடு கிடையாது. சட்டத்தைத் திருத்தினால்தான் அவை போகும். ஜாமீன் தருவதா இல்லையா என்பதை நீதிபதியிடம் விட வேண்டும், 24 மணி நேர விதி எல்லோருக்கும் பொருந்த வேண்டும். இந்த இரண்டுக்கும் உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று இப்போதே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.