பினாங்கின் சந்துப் பூனைகள்: ஓர் இசைக்குழுவின் எழுச்சியும் பிரிவும் எச்சமும்



பைராம் தோட்டத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. அம்மா அதன் மேல் துணி போர்த்திப் பூ ஜாடி வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து தோட்டத்தில் இசைக்குழு நடத்தினார்கள். நிபோங் திபால் வட்டாரத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்தார்கள். ஏழு ஆண்டுகளில் அது உடைந்தது. ஏன் என்று கேட்டால் இருவரும் வெவ்வேறு கதை சொல்வார்கள். ஆனால் ஒரு பெயரை மட்டும் இருவரும் ஒரே மரியாதையோடு உச்சரிப்பார்கள். அந்தப் பெயர் 'அலிகேட்ஸ்'.

நம் பினாங்கு மண்ணில் பிறந்து நாடறிந்த அந்தக் குழுவைப் பற்றி எழுதுவதே என் நோக்கம். ஓர் இசைக்குழு எப்படி எழுகிறது? எதனால் பிரிகிறது? பிரிந்த பின் எது மிஞ்சுகிறது?

அலை வந்த வழி

1960-களில் பிரிட்டிஷ் இசை அலை நம் கரையையும் தொட்டது. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து பாடியபின், கித்தார் வாங்கித் தரும்படி வீட்டில் அடம்பிடித்த இளைஞர்கள் பலர். அடுத்து பீட்டில்ஸ் வந்தது. ஆங்கிலப் பாடல்களில் அடிக்கடி ஒலித்த 'யே யே' என்ற சொல்லே, இங்கு எழுந்த மலாய் ராக் இசைக்கு 'பாப் யே யே' என்ற பெயரைத் தந்தது. பினாங்கு துறைமுக நகரம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம் இருந்தது. புதிய இசை இங்கு வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை.

அந்தச் சூழலில், 1960-களின் இறுதியில் பினாங்கில் உருவானதுதான் அலிகேட்ஸ். சந்துப் பூனைகள் என்பது பெயரின் பொருள். அதன் முகமும் குரலும் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். அடர்ந்த சுருட்டை 'ஆப்ரோ' முடி அவர்களின் அடையாளமாயிற்று.

அயலூரே பயிற்சிக்கூடம்

பீட்டில்ஸ் குழுவை உருவாக்கியது லிவர்பூல் மட்டுமல்ல. 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசித்த உழைப்பும்தான். அலிகேட்ஸ் குழுவுக்கு அப்படி அமைந்த ஊர் ஹாங்காங். 1970-களில் அங்குள்ள விடுதிகளில் வாசித்தார்கள், போட்டியில் வென்றார்கள், பாலிகிராம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். தெரியாத முகங்களை ஒவ்வோர் இரவும் உட்கார வைக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் ஒரு குழுவைப் பக்குவப்படுத்துகிறது. சொந்தக்காரர் திருமணத்தில் கைதட்டல் தானாக வரும். அயலூரில் அப்படி வராது.

பிறகுதான் மலாய்ப் பாடல்கள் வந்தன. எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்குப் பாடல்கள் தந்தார்கள். 'ஹிங்கா அகிர் நந்தி', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புவிசி', 'அன்டைஞா அகு பெர்கி டுலு' ஆகியவை வீடுதோறும் ஒலித்தன. காலமும் கைகொடுத்தது. 1967-ல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. எல்லா இனத்தவரும் ஒரே மொழியில் ஒரே பாடலைக் கேட்டு முணுமுணுக்கும் தலைமுறை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தலைமுறைக்கு இந்தச் சகோதரர்கள் பாடினார்கள்.

ஏன் பிரிகிறார்கள்?

பீட்டில்ஸ் பிரிந்ததற்கு ஒரே காரணம் சொல்வது தவறு. 1967 ஆகஸ்டில் அவர்களின் நிர்வாகி பிரையன் எப்ஸ்டீன் இறந்தார். கணக்கு வழக்கை யார் பார்ப்பது என்பதில் பிணக்கு வளர்ந்தது. பாடல் எழுதுபவர் மூவரானபோது ஓர் இசைத்தட்டில் இடம் போதவில்லை. 1970 ஏப்ரலில் பிரிவு வெளிப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் பால் மெக்கார்ட்னி வழக்குத் தொடுத்தார். நண்பர்களாக மேடை ஏறியவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

எங்கள் தோட்டக் கதையும் அளவில்தான் சிறியது. மலாய் விருந்தினர் வந்திருந்த ஒரு திருமணத்தில் அலிகேட்ஸ் பாடல் ஒன்று பாட வேண்டும் என்றார் சித்தப்பா. தமிழ்க் கல்யாணத்தில் தமிழ்ப் பாட்டுதான் என்றார் அப்பா. வெளியே சொன்ன காரணம் இது. ஒலிபெருக்கி யார் பணத்தில் வாங்கியது என்பது உள்ளே இருந்த காரணம்.

அலிகேட்ஸ் குழுவிலும் உறுப்பினர்கள் மாறினார்கள். ஆனால் அண்ணன் தம்பி பிரியவில்லை. அவர்களைப் பிரித்தது மரணம்தான். 2007 ஜூன் 4-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் லோகநாதன் காலமானார். அதன் பின்னும் டேவிட் அதே பெயரில் மேடை ஏறினார்.

எஞ்சியது என்ன?

தமிழ்ப் பேரவை இதழில் மலாய்ப் பாடகர்களுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். தமிழர் பெயரோடு, தமிழர் முகத்தோடு, எதையும் மறைக்காமல் நின்று, இந்நாட்டின் எல்லா இனத்தவரின் காதலையும் கண்ணீரையும் பாடியவர்கள் அவர்கள். லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள். அதுவும் நம் வரலாற்றின் ஒரு பகுதிதான். அதே வேளையில் அப்பாவின் பிடிவாதத்தையும் நான் இகழ மாட்டேன். தோட்டத்து மேடைகளில் தமிழ்ப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்ததற்கு அவரைப் போன்றவர்களும் காரணம்.

இக்கட்டுரைக்காக இருவரிடமும் தனித்தனியே பேசினேன். அடுத்த ஞாயிறன்று சித்தப்பா பழைய கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் பூ ஜாடியை இறக்கி வைத்துக் கீபோர்டைத் துடைத்தார். பாதிக் கட்டைகள் ஒலிக்கவில்லை. ஒலித்தவற்றை வைத்து ஒரு தமிழ்ப் பாட்டு வாசித்தார். "இப்ப உன் பாட்டு" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

நண்பர்களே, நம் தோட்டங்களில் எத்தனையோ இசைக்குழுக்கள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஏதாவது இருக்கலாம். வாசித்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.