நாவுக்கு வருவது கைக்கு வராத பிள்ளைகள்

சில பிள்ளைகள் கதை சொல்லத் தொடங்கினால் வீடே கூடி நின்று கேட்கும். மக்தபில் உஸ்தாத் ஓதிக் காட்டிய சூராவை இரண்டொரு நாளில் மனத்தில் இருத்திப் பிழையின்றி ஒப்பிப்பார்கள். கடைக்கு அனுப்பினால் சொன்ன ஐந்து சாமான்களையும் மறவாமல் வாங்கி வருவார்கள். ஆனால், நான்காம் வகுப்பில் படிக்கும் அத்தகைய பிள்ளையிடம் 'எங்கள் வீடு' என்று ஐந்து வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் கழிந்தும் இரண்டு வரி தேறாது. அவற்றிலும் புள்ளி இராது, கால் இராது. 'பள்ளம்' 'பலம்' ஆகியிருக்கும்.

இப்பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர் என்ன? சோம்பேறி, கவனமில்லாதவன், படிப்பு ஏறாதவள்! அப்பெயர் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் நாம் அறிவோம். ஆறாம், ஏழாம் வகுப்போடு பையன் கடை வேலைக்குப் போகிறான். பெண்பிள்ளை வீட்டோடு நிறுத்தப்படுகிறாள். அம்முடிவுக்கு வருமுன் சற்றே சிந்தியுங்கள். குறை உண்மையில் அறிவில்தானா இருக்கிறது?

அறிவுக் குறையன்று

1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அச்சிறுவனுக்குக் கண்பார்வை நன்றாக இருந்தது, கணக்கும் வந்தது. எழுத்தோ வரவில்லை, தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இன்று இதனைக் கற்றல் குறைபாடு என்கிறோம். வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் உள்ள இடர்ப்பாடு டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் உள்ளது டிஸ்கிராஃபியா. இவை பிறவியிலேயே மூளை செயற்படும் விதத்தைச் சார்ந்தவை. வளர்ப்பினாலோ சோம்பலினாலோ வருபவை அல்ல.

எழுதுதல் பல வேலைகளின் கூட்டு

நமக்கு எளிதாகிவிட்டதால், எழுதுவதன் கடினம் நமக்குத் தெரிவதில்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அதன் வடிவத்தைக் கை வரைய வேண்டும். இதற்கிடையில் அடுத்த சொல்லையும் மறக்கக் கூடாது. இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் எல்லாமே தடைப்படும்.

தமிழுக்கென்றே சில இடர்களும் உள. 'கொ' என்று ஒலிக்கையில் ககரம் முதலில் வருகிறது. எழுதுகையிலோ கொம்பு முதலிலும் ககரம் நடுவிலும் கால் இறுதியிலும் வருகின்றன. உகரம் ஏறும்போது கு, சு, டு, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. கல், பகல், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் ஒன்று, ஒலியோ மூன்று. ல, ள, ழ வேறுபாடு பலருடைய பேச்சிலேயே இல்லை. காதில் விழாததைக் கை எவ்வாறு எழுதும்? அரபியிலும் அப்படியே, பா, தா, ஸா மூன்றையும் பிரித்துக் காட்டுபவை புள்ளிகள் மட்டுமே. ஆகவே, செவிவழி ஓதுவதில் முந்தும் பிள்ளை எழுத்தில் பின்தங்குவதில் வியப்பில்லை.

எப்போது ஐயுற வேண்டும்?

புதிதாக எழுதப் பழகும் எல்லாப் பிள்ளைகளும் பிழை செய்வார்கள், அது இயல்பு. இரண்டு மூன்று ஆண்டுகள் முறையாகப் பயின்ற பின்னும் அதே பிழைகள் நீங்காதிருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதவும் திணறினால், பேச்சுக்கும் எழுத்துக்கும் பெரும் இடைவெளி தென்பட்டால், முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அவற்றில் குறையில்லையெனில் தகுந்த உளவியல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

பிழையான சொல்லை நூறு முறை எழுதச் சொல்வதை விட்டுவிடுங்கள். ஒலியைப் பிரிக்கத் தெரியாத பிள்ளை நூறு முறையும் பொருள் விளங்காமலே எழுதும். எழுத்தின்மீது வெறுப்புத்தான் வளரும்.

1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் கண், காது, கை மூன்றையும் ஒருங்கே பழக்கும் முறையை வகுத்தனர். நமக்கு இது புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லிப் பழகியவர்கள் நம் முன்னோர். ஒரு தட்டில் மணலையோ அரிசி மாவையோ பரப்பி, நாளும் கால் மணி நேரம் இவ்வாறு பழக்குங்கள். ஒத்த வடிவமும் ஒத்த ஒலியும் உடைய எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். லகரம் நன்கு படிந்த பிறகே ளகரத்துக்குச் செல்லுங்கள்.

கட்டுரை எழுதுமுன் அதைப் பிள்ளை வாயால் சொல்லட்டும். மூன்று படம் வரையட்டும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல் எழுதட்டும். பிறகு அச்சொல்லை வாக்கியமாக்கட்டும். தேவைப்பட்டால் அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுத்து, அதை வாசிக்கச் செய்யுங்கள். திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். தாள் முழுவதும் சிவப்பு மையைக் கண்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் மறுபடி எழுத மனம் வரும்?

சட்டம் தரும் உரிமை

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இக்குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனையும் சேர்த்தது. இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து ஆவன செய்வது கல்வி நிலையங்களின் கடமை என்கிறது அச்சட்டம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் அது வழிசெய்கிறது. அரசு மருத்துவரிடம் முறைப்படி சான்றிதழ் பெற்று, தலைமையாசிரியரை அணுகிக் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரே! இக்குறைபாடு மருந்தால் தீர்வதன்று. பொறுமையான பயிற்சியால் வெகுவாகக் குறைவது. இவ்வாண்டு உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும்போது, எண்களை மட்டும் பார்க்காதீர்கள். விடைத்தாளையும் வாங்கிப் பாருங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி அதே வினாக்களை வாயால் கேளுங்கள். எழுதாத விடை வாயில் வருமானால், அப்பிள்ளையின் படிப்பை நிறுத்துவதற்கு உங்களிடம் காரணம் ஏதும் இல்லை.